காருக்குத் தேய்மானம் உண்டு, டிரைவருக்கு?

தேவர்சோலைப் பக்கம் வந்து தங்கும் சமவெளிக்காரர்களுக்கு இரண்டாம் நாள் ராத்திரி ஒரு யோசனை உதிக்கும். ஊட்டி பார்த்தாயிற்று, முதுமலை பார்த்தாயிற்று, தேயிலைச் செடிக்குள் நின்று போட்டோவும் எடுத்தாயிற்று. இன்னும் ஒரு நாள் லீவு மிச்சம் இருக்கிறது. யாராவது ஒருவர் மொபைலில் மேப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "அட, இங்கேயிருந்து கடல் 135 கிலோமீட்டர்தானாம்!" என்று கத்துவார். அவ்வளவுதான். "ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாம்" என்று முடிவாகிவிடும். உடனே டிரைவருக்கு போன் போகும். "காலைல நாலு மணிக்கு வந்துடுங்க."

அவர்கள் சொல்லும் தூரம் பொய்யில்லை. நீலகிரி தமிழ்நாட்டு மாவட்டம்தான், தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரையும் இருக்கிறது. ஆனால் கூடலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு மெரினாவும் நாகப்பட்டினமும் மலை இறங்கி, மாநிலத்தையே குறுக்காகக் கடந்து போக வேண்டிய சமாச்சாரம். பக்கத்துக் கடல் என்றால் அது கோழிக்கோடுதான். தேவர்சோலையிலிருந்து நெலாக்கோட்டை, பாட்டவயல் வழியாக சுல்தான் பத்தேரி. அங்கிருந்து கல்பெட்டா, வைத்திரி, லக்கிடி. பிறகு ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட தாமரசேரி சுரம். கீழே அடிவாரம், அப்புறம் நேராகக் கோழிக்கோடு. போக 135, வர 135. ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் 300 வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்பிரஸ் சாலையில் 300 கிலோமீட்டர் ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆனால் இது அந்தச் சாலை இல்லை. இங்கே 40 கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆனால் அதுவே நல்ல நாள்!

கேள்வி தூரத்தைப் பற்றியதே இல்லை. "ஒரு நாள்" என்ற சொல்லைப் பற்றியது. ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம்?

சுற்றுலாப் பயணியைக் கேட்டால், விடிந்ததிலிருந்து தூங்கும் வரை என்பார். வாடகைக் கார் உலகத்தில் நிறைய இடங்களில் ஒரு நாள் என்பது நள்ளிரவு 12 மணியிலிருந்து அடுத்த நள்ளிரவு 12 மணி வரை. அதைத் தாண்டினால்தான் இரண்டாவது நாள் வாடகை. இந்த விதி தெரிந்த குடும்பம் என்ன செய்யும்? காசு கொடுத்த ஒரு நாளை முழுசாகக் கறந்துவிடும். காலை 4 மணிக்குக் கிளம்பு, ராத்திரி 12 மணிக்குள் திரும்பு. 20 மணி நேரம்! இதற்கு "ஒன் டே டிரிப்" என்று ஒரு அழகான பெயர் வேறு. புத்திசாலித்தனமாகச் செலவு செய்துவிட்டோம் என்று மெச்சிக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் மிச்சப்படுத்தியது கோழிக்கோட்டில் ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகையை. அந்த மிச்சத்துக்கான விலையை இன்னொருவர் தன் தூக்கத்தில் இருந்து கொடுத்திருக்கிறார்.

அந்த 20 மணி நேரத்தை டிரைவர் பக்கமிருந்து கொஞ்சம் பார்க்கலாம். 4 மணிக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்றால் அவர் 3 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி 10 மணி வரை வேறொரு சவாரி ஓட்டியிருப்பார், ஏனென்றால் இது சீசன். வெளியே பனி. தேவர்சோலை, பாட்டவயல் பக்கத்தில் அந்த நேரத்தில் ரோட்டில் யானை நின்றால் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. பின் சீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். மாநில எல்லையில் பர்மிட், வரி சமாச்சாரங்களைப் பார்ப்பதும் அவர்தான். வயநாட்டில் டீ, சுரத்தில் இறங்கும்போது வாந்தி எடுக்கும் பையனுக்காக இரண்டு இடத்தில் நிறுத்தம். எட்டரை, ஒன்பது மணிக்குக் கோழிக்கோடு.

இனிமேல்தான் கூத்து. காப்பாடு போக வேண்டும், 1498-ல் வாஸ்கோ ட காமா வந்து இறங்கியதாகச் சொல்லும் இடமாயிற்றே. அது ஊருக்கு வடக்கே. பேப்பூர் போய் உரு கட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும், அது தெற்கே. நடுவில் மிட்டாய்த் தெருவில் அல்வா. ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் இறங்கிப் போய்விடுவார்கள், டிரைவர் வண்டியோடு நிற்பார். "அவர் அப்போ தூங்கிக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. மே மாதத்துக் கோழிக்கோட்டில், கடல் காற்றின் பிசுபிசுப்பில், கண்ணாடியை இறக்கிவிட்டு சீட்டைச் சாய்த்து ஒரு தடவை தூங்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும் அவர்களை. ஏசி போட்டால் டீசல் போகும், முதலாளி கேட்பார். இங்கே நிறுத்தாதே என்று யாராவது வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள். அதற்குள் போன். "டிரைவர், கொஞ்சம் முன்னாடி வந்துடுங்க, வெயில்ல நடக்க முடியல." காத்திருப்பது ஓய்வு இல்லை. பரீட்சை ஹாலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து ரெஸ்ட் எடுக்கிறான் என்று யாராவது சொல்வார்களா?

எல்லாவற்றையும் விடப் பெரிய வில்லன் சூரியன். இது மேற்குக் கடல். சென்னையில் சூரியன் கடலில் உதிக்கும், இங்கே கடலில் மறையும். 135 கிலோமீட்டர் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் யார் கிளம்புவார்கள்? மே மாதத்தில் சூரியன் மறைய ஆறே முக்கால் ஆகிவிடும். அப்புறம் காலில் ஒட்டிய மணலைக் கழுவி, கல்லுமக்காய் வாங்கித் தின்று, பிரியாணிக்கு ஒரு ஹோட்டல் தேடி... வண்டி கோழிக்கோட்டை விட்டுக் கிளம்பும்போது எட்டு எட்டரை. அதாவது மலை ஏற்றம், சுரம், லக்கிடி மூடுபனி, கடைசியில் யானை ரோடு என்று பயணத்தின் மிகக் கஷ்டமான பகுதி, டிரைவரின் உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும் நேரத்தில் வந்து சேர்கிறது. திட்டம் போட்டுச் செய்தால்கூட இவ்வளவு மோசமாகச் செய்ய முடியாது.

1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசன், ரீட் இருவரும் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கும் ஒருவரின் கையும் கண்ணும் சேர்ந்து செயல்படும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்பது அதன் சாரம். இந்தியாவில் குடித்துவிட்டு ஓட்டினார் என்று வழக்குப் போடுவதற்கான எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை 3 மணிக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் எப்போது முடிகிறது? ராத்திரி 8 மணிக்கு. சரியாக அவர் கோழிக்கோட்டில் சாவியைத் திருப்பும் நேரம்! குடித்திருக்கும் டிரைவரின் வண்டியில் எந்தத் தகப்பனும் தன் குழந்தைகளை ஏற்ற மாட்டார். ஆனால் இந்த வண்டியில் ஏற்றுகிறார். அந்த டிரைவரை அந்த நிலைக்குக் கொண்டு வந்ததும் அவரேதான். ஊதிப் பார்க்கும் மெஷினில் தூக்கம் தெரியாது, அதனால் எந்த செக்போஸ்டிலும் பிடிபடாது.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொன்னது. 5 மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி நேரமாவது ஓய்வு. ஓய்வையும் சேர்த்து ஒரு நாளின் வேலை 12 மணி நேரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. நீண்ட தூரப் பயணம், திருவிழாக் காலம் என்றால்கூட அனுமதி பெற்று 10 மணி வரைதான். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவும் அந்தச் சட்டத்தையே கைகாட்டியது. படிக்க ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் 1961 சட்டம் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் நேரடியாகப் பொருந்தும். கூடலூர் டாக்ஸி ஸ்டாண்டில் ஐந்து டிரைவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியை விரல் விட்டுத் தேட வேண்டும். ஒரு கார், இரண்டு கார், மிஞ்சினால் மூன்று. நிறையப் பேர் வங்கிக் கடனில் வாங்கிய சொந்தக் காரைத் தாங்களே ஓட்டுபவர்கள். 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது 1961 சட்டம் அதற்குள் கரைந்துபோனது. அந்த ஐந்து என்ன ஆனது தெரியுமா? பத்து!

ஆப்பில் ஓடும் டாக்ஸிகளுக்கு 2020-ல் மத்திய அரசு ஒரு வழிகாட்டு நெறிமுறை கொண்டு வந்தது. ஒரு டிரைவர் நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் லாகின் செய்திருக்கக் கூடாது, அதற்குப் பிறகு 10 மணி நேரக் கட்டாய ஓய்வு. சென்னையில் ஏர்போர்ட்டுக்கும் வேளச்சேரிக்கும் நடுவில் சமதளத்தில் ஓட்டுகிறவருக்கு 12 மணி நேரம் என்று கணக்கு வைத்தார்கள். தாமரசேரி சுரத்தில் ஒரே நாளில் இறங்கி ஏறுகிறவருக்கு எந்தக் கணக்கும் இல்லை, ஏனென்றால் அவருடைய ஆப் ஒரு பழைய நோக்கியா போனும் ஸ்டாண்டில் ஒரு மர பெஞ்சும்தான்.

தமிழ்நாடு அரசு 2023-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல்களும் லாட்ஜுகளும் விருந்தினர்களின் டிரைவர்களுக்குப் படுக்கை வசதி, கழிப்பறை, குளியலறையோடு தங்கும் கூடம் அமைத்துத் தர வேண்டும் என்றது. அந்தக் கட்டடத்திலேயே, அல்லது 250 மீட்டர் தூரத்துக்குள். எத்தனையோ வருடங்களாகக் காருக்குள்ளேயே கொசுக்கடியில் கிடந்தவர்களுக்காக வந்த விதி. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அது ராத்திரி தங்குகிறவர்களுக்கான விதி. ஒன் டே டிரிப்பில் தங்குவதே இல்லையே! படுக்கை தர வேண்டிய ராத்திரியைத்தான் இந்தத் திட்டம் மொத்தமாக வெட்டி எறிந்துவிடுகிறது.

இதே வட்டாரத்தில் ராத்திரிக்கு மரியாதை கொடுக்கும் ரோடுகளும் இருக்கின்றன. கூடலூரிலிருந்து மைசூர் போகும் ரோடும், பத்தேரியிலிருந்து குண்டல்பேட்டை போகும் ரோடும் பந்திப்பூர் காட்டுக்குள் ராத்திரி 9 மணிக்கு மூடப்படும், காலை 6 மணிக்குத்தான் திறக்கும். 2009-ல் வந்த தடை இது. விலங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாகின்றன என்பதற்காக. எவ்வளவோ எதிர்ப்பு வந்தும் நீதிமன்றங்கள் விட்டுக்கொடுக்கவில்லை, நியாயமும் அதுதான். யானைக்கும் மானுக்கும் ஒன்பது மணி நேர ராத்திரி சட்டப்படி உண்டு. அந்தக் காட்டின் ஓரத்தில் வண்டி ஓட்டிப் பிழைக்கிற மனிதனுக்கு மட்டும் கிடையாது. நீலகிரிக்கு எத்தனை வண்டி வரலாம் என்றுகூட எண்ணத் தொடங்கிவிட்டார்கள். 2024 மே மாதத்தில் இ-பாஸ் வந்தது, 2025 சீசனில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் எல்லை வைத்தது. வண்டியை எண்ண ஆள் இருக்கிறது. ஸ்டியரிங் பிடித்திருப்பவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதை வேறு மாதிரியும் சொல்லலாம். வருமான வரிக் கணக்கில் ஒரு வியாபாரி தன் தொழிலுக்காக வைத்திருக்கும் காருக்கு வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம். அதே கார் வாடகைக்கு ஓடினால் 30 சதவீதம். இரண்டு மடங்கு! வாடகை வண்டி அதிகம் ஓடும், கண்ட ரோட்டிலும் ஓடும், சீக்கிரம் தேயும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு எழுதி வைத்திருக்கிறது. 10 லட்ச ரூபாய் கார் என்றால் முதல் வருடமே 3 லட்சம் கழித்துக்கொள்ளலாம். டயர் தேய்வதற்கு, பிரேக் லைனிங் தேய்வதற்கு, சஸ்பென்ஷன் போவதற்கு எல்லாம் கணக்கு இருக்கிறது. முதுகெலும்பு தேய்வதற்கு எந்த லெட்ஜரிலும் பக்கம் இல்லை.

வாடகையைக் கணக்கிடும் முறையிலேயே கோளாறு இருக்கிறது. கிலோமீட்டருக்கு இவ்வளவு, நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா தனி. இதில் நேரம் என்பதற்கு விலையே இல்லை. பீச்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஆறு மணி நேரம் உட்கார்ந்தாலும் பில் ஒன்றுதான். விலை இல்லாத சரக்கை யாராவது சிக்கனமாகச் செலவழிப்பார்களா? பேட்டா 500 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 20 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 25 ரூபாய். அதில்தான் அவருடைய மூன்று வேளைச் சாப்பாடும்! பீச்சில் செருப்பைப் பார்த்துக்கொள்ளக்கூட இந்தக் கூலிக்கு ஆள் கிடைக்காது.

தேவர்சோலையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அங்கே வண்டி ஓட்டும் பையன்களில் பல பேர் எஸ்டேட் வீட்டுப் பிள்ளைகள். அம்மா கொழுந்து எடுக்கிறார். அந்த வேலை சொகுசான வேலை என்று யாரும் சொல்ல முடியாது, அட்டைக்கடி, மழை, முதுகில் சுமை, கூலி போதாது. ஆனாலும் அதில் காலையில் பெரட்டுக்கு ஒரு நேரம் உண்டு, சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடித்தால் வேலை முடிந்தது. 1951-ம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்பதும், வார விடுமுறையும், சங்கமும் வந்தன. அதெல்லாம் சும்மா வரவில்லை, கொடி பிடித்து வாங்கியது. அந்த அம்மாவின் மகன் எஸ்டேட்டை விட்டு வெளியே வந்து, பேட்ஜ் வாங்கி, மஞ்சள் போர்டு வண்டியில் உட்கார்ந்ததை ஊர் ஒரு முன்னேற்றமாகப் பார்க்கிறது. மணி நேரக் கணக்கில் பார்த்தால் அவன் அம்மாவைவிடப் பின்னாடி போயிருக்கிறான்.

"அவர்தானே ஒத்துக்கிட்டார், யாரும் கட்டாயப்படுத்தலையே" என்ற வாதம் எப்போதும் வரும். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? ஏப்ரல், மே இரண்டு மாதம்தான் சம்பாத்தியம். ஜூனில் மழை பிடித்தால் ஸ்டாண்டில் உட்கார்ந்து சீட்டாட வேண்டியதுதான், மாதத் தவணை மட்டும் நிற்காது. முடியாது என்று அவர் சொன்னால் அடுத்த வண்டிக்காரர் சரி என்பார். இந்த வேலையே தேவைப்படாதவர் சம்மதித்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. நடுத்தரக் குடும்பம், நாலு பேர், வருடத்துக்கு ஒரு லீவு, இரண்டு நாளாக்கினால் கட்டுப்படியாகாது. உண்மை. உள்ளூர் ஆட்களும் இதைத்தான் செய்கிறார்கள். போனஸ் வந்ததும் இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஜீப் பேசிக் கடல் பார்க்கப் போவார்கள். அவர்களுக்கு டிரைவர் "அண்ணே", ஒரே இலையில் சோறு, பையனைக் கடலில் தூக்கிப் பிடிப்பதும் அவரே. மரியாதை நிறைய, தூக்கம் மட்டும் அங்கேயும் இல்லை. அதனால் இது பணக்காரர், ஏழை சண்டை இல்லை. ஆனால் கட்டுப்படியாகாது என்பதற்கு வழி டிரைவரின் ராத்திரியைத் திருடுவது இல்லையே. கூடலூரிலிருந்து கோழிக்கோட்டுக்கு பஸ் இருக்கிறது. கார்தான் வேண்டும் என்றால், கோழிக்கோட்டில் இறங்கியதும் ஆட்டோ பிடிக்கலாம், மீட்டர் போட்டு ஒழுங்காகக் காசு வாங்குவதற்குப் பெயர் போன ஊர் அது. ஆறு மணி நேரம் டிரைவருக்கு ஒரு சின்ன லாட்ஜில் ஃபேனுக்குக் கீழே கட்டில் போட்டுக் கொடுத்தால் என்ன ஆகிவிடும்? நாலு பிளேட் பிரியாணிக் காசு. அதுவும் முடியாது என்றால் சூரியன் மறைவதைத் தியாகம் செய்துவிட்டு நாலு மணிக்குக் கிளம்பட்டும். சூரியன் நாளைக்கும் மறையும்.

அந்தச் சுரத்துக்கு ஒரு வாய்வழிக் கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் மலை மேல் ஏற வழி தெரியாமல் திண்டாடிய ஒரு எஞ்சினியருக்கு, கரிந்தண்டன் என்ற பணியர் இனத்து ஆள் வழி காட்டினாராம். தேவர்சோலை, கூடலூர்ப் பக்கமெல்லாம் வாழும் அதே பணியர்கள்தான். வழி தெரிந்ததும் அந்தப் பெருமை தனக்கே வேண்டும் என்று எஞ்சினியர் அவரைக் கொன்றுவிட்டானாம். அதற்குப் பிறகு அவருடைய ஆவி போகிற வருகிறவர்களை மறித்ததால், மந்திரவாதியை வைத்து ஒரு மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள் என்று கதை. லக்கிடியில் அந்தச் சங்கிலி மரம் இன்றைக்கும் இருக்கிறது. ஒன் டே டிரிப் குடும்பங்கள் அங்கே இறங்கி, சங்கிலியைக் காட்டிக் குழந்தைகளுக்குக் கதை சொல்லி, போட்டோ எடுத்துக்கொள்வார்கள். போட்டோவை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் டிரைவர்தான்.

ராத்திரி பன்னிரண்டரைக்கு வண்டி தேவர்சோலை வந்து சேரும். குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள். பன்னிரண்டைத் தாண்டிவிட்டதே என்று டிரைவர் இழுத்தால், "அரை மணி நேரம்தானே, அதுக்கெல்லாம் இன்னொரு நாள் கணக்கா?" என்று ஒரு பேரம் நடக்கும். அது முடிந்த பிறகு அவர் டார்ச் வெளிச்சத்தில் மிதியடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கடல் மணலை உதறுவார். காலை ஆறு மணிக்கு வேறொரு குடும்பத்துக்கு முதுமலை சஃபாரி பேசியிருக்கிறது.